டெவிலின் கன்னத்தில் ஒரு கட்டி



ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில், விலங்கு மரபியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தைவிடக் காடுதான் முதலில் பழக வேண்டிய இடம். காலையில் பொறிகளைப் பார்த்து வர வேண்டும். பொறி என்பது அகலமான பிவிசி குழாய். உள்ளே இறைச்சித் துண்டு. அதைக் கவ்வி இழுத்ததும் கதவு விழும். அகப்படுவது டாஸ்மேனியன் டெவில். கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் விலங்கு. சிறு நாய் அளவு, எலும்பை நொறுக்கும் தாடை. அப்படிப்பட்டதைக் குழாயிலிருந்து சாக்குக்குள் சரித்துவிட்டால், இருட்டில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சாக்கை மெல்ல விலக்கி வாயையும் கன்னத்தையும் பார்ப்பார்கள். காதோரம் துளி தோலை வெட்டி, டிஎன்ஏ சோதனைக்காகக் குப்பியில் போடுவார்கள். பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

கன்னத்தைப் பார்ப்பது கட்டி இருக்கிறதா என்றறிய. முகக்கட்டியோடு டெவில்கள் முதன்முதலில் தென்பட்டது 1996-ல், தீவின் வடகிழக்கில். கட்டி பெருத்தால் இரை தின்ன முடியாது. மாதக்கணக்கில் வாடிச் சாகும். சில பகுதிகளில் எண்ணிக்கை 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

கிருமி ஏதோ பரப்புகிறது என்றே பலரும் நினைத்தார்கள். ஆன்-மேரி பியர்ஸ் என்ற ஆய்வாளர் கட்டிகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார். நல்ல டெவிலுக்கு 14. கட்டியில் 13, அதிலும் வெவ்வேறு டெவில்களின் கட்டிகளில் ஒரே மாதிரியான குளறுபடி. ஆக, புற்றணுவேதான் ஒரு டெவிலிடமிருந்து கடி வழியாக இன்னொன்றின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது! 2006-ல் வந்த முடிவு இது.

அப்படியானால், அந்நிய உயிரணுவை உடம்பு ஏன் விரட்டவில்லை? சிட்னி பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெலோவிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஹன்னா சிடில் இதை எடுத்துக்கொண்டார். உயிரணு நம்முடையதா, அந்நியமா என்று அடையாளம் காட்டும் எம்.எச்.சி. என்ற மரபணுக்கள் டெவில்களிடையே மிக ஒத்திருப்பதை அவர் குழு கண்டது. எல்லாம் சொந்தக்காரர்போல் இருப்பதால் கட்டி அந்நியமாகத் தெரிவதில்லை என்பது 2007-ன் விளக்கம். கேட்டவுடன் மனசில் ஒட்டும் விளக்கம்.

ஆனால், ஒரு டெவிலின் தோலை இன்னொன்றில் ஒட்டிப் பார்த்தபோது உடம்பு அதை ஏற்கவில்லை. அந்நியத்தை அறிய அதற்குத் தெரிகிறது என்றாகிறது. சிடிலே கேள்வியை மறுபடி கையிலெடுத்தார். 2013-ல் வெளியான அவரது ஆய்வு சொன்னது வேறு: கட்டியின் உயிரணுக்கள் அந்த அடையாளத்தை மேற்பரப்பில் காட்டாமல் மறைத்துவிடுகின்றன. அதற்கான மரபணு அழியவில்லை, அடங்கித்தான் இருக்கிறது. தகுந்த சமிக்ஞை கொடுத்தால் அடையாளம் மீண்டும் வெளியே வருகிறது. தடுப்பூசி தேடுவோருக்கு நம்பிக்கை தந்தது இந்தக் கடைசி வரிதான். பட்ட ஆய்வின் முடிவை அதோடு விட்டுவிடாமல் தானே திருத்தப் போன இந்தத் துணிச்சலை, என் கணக்கில், பட்டத்துக்கும் மேலே வைப்பேன்.

இதற்கிடையே, இனம் அழியாமல் காக்க, 2012-ல் நோயற்ற டெவில்களை டாஸ்மேனியாவை ஒட்டிய மரியா தீவில் குடியேற்றத் தொடங்கினார்கள். இரண்டு தவணையில் 28. பெருகின. ஆனால் சிடில் படித்த அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் டிஎன்ஏவைக் கொண்டு குடும்ப வழி வரைந்தபோது ஓர் எச்சரிக்கை தெரிந்தது: சில டெவில்களின் வாரிசுகளே மிஞ்சி, மரபணு வகைகள் குறையத் தொடங்கியிருந்தன. தலை எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

மரபியலின் கணக்கில் வராத ஒன்றும் அங்கே நடந்தது. 2012-ல் மரியா தீவில் சின்னப் பெங்குவின்கள் சுமார் 3,000 இணைகள் இருந்தன. டெவில்கள் வந்தபின், 2021-க்குள், அங்கே ஒரு பெங்குவின்கூட மிஞ்சவில்லை.