வாடகைக்கு விட ஒரு வீடு



நாம் தோட்டத்தில் எத்தனை ஆண்டு உழைத்தாலும், குடியிருக்கும் வீடு நிர்வாகத்தினுடையது. வேலை முடிந்தால் அதைக் காலி செய்தே ஆகவேண்டும். அறுபது வயதில் வீடு தேடி அலைந்தவர்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆகவே, கையில் சம்பளம் வரும்போதே பட்டணத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கி, இப்போதைக்கு வாடகைக்கு விட்டு, ஓய்வுபெற்ற பின் அதில் குடியேறலாம் என்று சில குடும்பங்கள் எண்ணுகின்றன. நல்ல எண்ணம்தான். 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் முன்னோர்.

ஆனால், "வாடகைப் பணமே கடனைக் கட்டிவிடும்" என்ற பேச்சை நம்பி இறங்கிவிடக்கூடாது. முதலில் கணக்குப் பார்ப்போம்.

வீட்டின் விலை 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20,000. மீதி 180,000 வெள்ளியை 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 860 வெள்ளி, ஆண்டுக்கு 10,320. நில வரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 1,500 ஒதுக்கினால், மொத்தச் செலவு 11,820 வெள்ளி. வாடகை மாதம் 800. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் வரவு 8,800 தான். பற்றாக்குறை 3,020 வெள்ளி. அதாவது மாதம் ஏறத்தாழ 250 வெள்ளி நம் சம்பளத்திலிருந்து போகவேண்டும். அடுக்குமாடி வீடானால் பராமரிப்புக் கட்டணமும் சேரும்.

முன்பணத்திற்கு ஊழியர் சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். எடுத்த பணத்திற்கு லாப ஈவு கிடைக்காது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வட்டிக்காரரிடம் வாங்கி முன்பணம் கட்டுவது வேண்டவே வேண்டாம். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி ஆகியவற்றுக்கும் தனியே பணம் வேண்டும். முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் தரும் வரி விலக்கு நமக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடுமுன் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்ப்பது அவசியம். விற்பவர்தான் உரிமையாளரா? வீடு அடமானத்தில் இருக்கிறதா? குத்தகை நிலமானால் இன்னும் எத்தனை ஆண்டு மீதம்? மலாய் ஒதுக்கீட்டு நிலமா? இவையெல்லாம் அதில் தெரியும். நமக்காக வேலை செய்யும் வழக்கறிஞரிடமே பணத்தைக் கட்டி ரசீது பெறவேண்டும். தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது.

வீட்டை விடும்போது, தெரிந்தவராயினும் ஒப்பந்தம் எழுதி முத்திரை வரி கட்டவேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. இரண்டு மாத வாடகையும், தண்ணீர், மின்சாரத்திற்கு அரை மாத வாடகையும் வைப்புத்தொகையாக வாங்குவது வழக்கம். குடியிருப்பவர் வாடகை தராவிட்டால், நாமாகப் பூட்டை மாற்றி வெளியேற்றக்கூடாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். வாடகை வருமானத்தை வருமானவரிக் கணக்கில் காட்டவேண்டும். அந்தக் கடனின் வட்டியை அதில் கழித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சுமையை நம் குடும்பம் தாங்குமா? அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே அந்த 250 வெள்ளியை எடுத்து வங்கியில் போடுவோம். ஓராண்டு தவறாமல் போட்டால் 3,000 வெள்ளி சேரும். வீடு காலியாகக் கிடந்தாலும் மூன்று மாதத் தவணையை அது சமாளிக்கும். இடையில் நின்றுபோனால், இன்னும் காலம் வரவில்லை என்று பொருள். வங்கிக்குக் கடன்பட்டபின் அதை அறிவதைவிட, இப்போதே அறிவது மேல்.

இன்றிரவு கணவனும் மனைவியும், வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்போம்.