இரு முறை உதித்த சூரியன்

இரு நகரங்களுக்கிடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமே மாறுகின்றது. இவ்வுண்மைக்கு இலங்கையின் தென்கரையிலேயே ஒரு சான்று உண்டு.

1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாய மார்க்கம் அத்துடன் அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க எஞ்சிய வழி இந்து சமுத்திரமே. பேர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து எழுந்து, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்கும் சேவையைக் குவாண்டாஸ் நிறுவனம் 1943இன் நடுப்பகுதியில் ஆரம்பித்தது. இடைத்தூரம் ஏறத்தாழ 3,513 மைல். அதனை ஒரே மூச்சிற் கடக்கவேண்டும்.

இப்பணிக்கென அமைந்தவை நீரில் இறங்கவல்ல ஐந்து கற்றலீனா விமானங்கள். விமானத்தின் எடையிற் பெரும்பங்கை எரிபொருளே கொண்டது. ஆதலால் மூன்று பயணிகளுக்கும் 152 இறாத்தல் தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது.

மணிக்கு 125 மைல் வேகத்திற் சென்றால் இத்தூரத்தைக் கடக்க 28 மணி நேரம் பிடிக்கும். எதிர்க்காற்று அவ்வேகத்தில் 15 மைலைக் குறைத்துவிட்டாலோ, பயணம் 32 மணி நேரமாக நீளும். காற்றின் சிறு மாறுதல் எரிபொருளின் கணக்கையே புரட்டிவிடும். அக்கணக்குப் பிழைத்தால் கீழே கடலன்றி வேறில்லை. மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது.

விமானங்களில் ஆயுதம் இல்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியும் மௌனம் காத்தது. மாலுமிகள் விண்மீன்களை அளந்தே திசையறிந்தனர். விமானங்களின் பெயர்களும் விண்மீன்களின் பெயர்களே. அவற்றுள் ஸ்பைக்கா நம்மவர் சித்திரை என்பது, அன்டாரஸ் கேட்டை, அல்டேர் திருவோணம். சோதிடத்தில் நாம் நாளும் வழங்கும் நட்சத்திரங்கள் அங்கே உயிர்காக்கும் வழிகாட்டிகளாயின.

ஒரே பயணத்திற் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் கண்டனர். அதனால் இச்சேவைக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. பயணம் செய்தோருக்கு அதற்கெனப் பத்திரமும் அளிக்கப்பட்டது. 1945 யூலையிற் சேவை முடிவுறும்வரை கற்றலீனாக்கள் 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தன. ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. யுத்தம் முடிந்தபின், இரவல் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படி அவ்விமானங்கள் கடலில் அமிழ்த்தப்பட்டன.

2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானசேவை தொடங்கியது. ஏறத்தாழ 9,000 மைல். பயணம் சுமார் 17 மணி நேரம். கொக்கலைக்குச் சென்றதைவிட இரண்டரை மடங்கு தூரம்; காலமோ மூன்றிலிரண்டு பங்கிலும் குறைவு. ஆயினும், இன்றைய பயணி கண்ணயர்ந்து கடக்கும் அதே கடலின் மேல், அன்று சிலர் விழித்திருந்து வழி கண்டனர் என்பது மறக்கற்பாலதன்று.