நோவாமற் சொல்லும் நெறி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தெய்வ நம்பிக்கை மிக்காரோடு அறிவாராய்ச்சி பேசுங்கால், அவருள்ளம் நோவாமற் பேசுதல் எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது சிறு பொருள்போலத் தோன்றினும், ஒரு வீட்டுக் குழந்தையின் உயிர் இதனைப் பொறுத்திருத்தலும் உண்டு.

இப்பொருளில் நம்மவர் இருவகையினராய் இருக்கின்றனர். படித்த இளைஞருட் சிலர், மூத்தோர் வழிபாட்டை நகைத்தலே அறிவென்று கருதுகின்றனர். வேறு சிலரோ, வீட்டில் மனத்தாங்கல் நேருமென்று அஞ்சி, கேடு வருதலைக் கண்டும் வாய்திறவாதிருக்கின்றனர். முன்னவர் சொல் செவியில் ஏறுவதில்லை. பின்னவர்பாற் சொல்லே இல்லை. இருவராலும் விளையும் பயன் ஒன்றே.

வள்ளுவனார் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் அறிவுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றன்பொருட்டு மற்றொன்றைக் கைவிடுமாறு அவர் கூறிற்றிலர். மணிமேகலையும் வஞ்சி மாநகரிற் பல சமயக்கணக்கரை அடுத்து, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்ட பின்னரே தன் நெறியைத் துணிந்தாள். ஆதலால் கேட்டல் முன்னும் கூறல் பின்னுமாக அமைதல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். குழந்தைக்கு அம்மை கண்டால், மாரியம்மை மனைக்கு எழுந்தருளினாள் என்று நம் பாட்டிமார் கைகூப்புவர். வாயிலில் வேப்பிலை செருகுவர். அயலாரை உள்ளே விடார். இளநீரும் மோரும் தருவர். மருந்து மட்டும் கொடுக்க ஒருப்படார். இவற்றுள் அயலாரை விலக்குதல் மிக நன்று; மருத்துவரும் அதனையே சொல்வர். நீராகாரம் தருதலும் நன்றே. அவற்றை முதற்கண் மனமாரப் புகழ்தல் வேண்டும். அது முகமனன்று, உண்மை.

“அம்மை தானே வந்து தானே இறங்கும்” என்று பாட்டி கூறுவது முழுப்பொய்யுமன்று. சின்னம்மை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே தணிகின்றது. அவர் கண்டதையே கூறுகின்றார். ஆயின் அம்மை என்னும் ஒரு பெயருள் வேறுவேறு நோய்கள் அடங்கியுள்ளன என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இலர். மணல்வாரி எனப்படும் தட்டம்மை நுரையீரலைத் தாக்கும், கண்ணொளியையும் கெடுக்கும். 1963-ஆம் ஆண்டில் அதற்குத் தடுப்பூசி வருமுன், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 26 லட்சம் பேர் அதனால் மாண்டனர்.

இவ்விடத்தில் நம் இளைஞர் செய்வது யாது? “அம்மனாவது, ஆத்தாளாவது!” என்று தொடங்குகின்றனர். அக்கணமே பேச்சு குழந்தையை விட்டுத் தெய்வத்தின்மேற் சென்றுவிடுகின்றது. பாட்டி தம் தெய்வத்தைக் காக்க முற்படுகின்றார்; குழந்தையைக் காப்பார் இலராயினர்.

வைசூரியின் வரலாறு நமக்கு நல்லதொரு பாடம். 1796-ஆம் ஆண்டில் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் பசுவின் அம்மைப்பாலைக்கொண்டு அந்நோயைத் தடுக்கும் வழி கண்டார். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டோடு அது நின்றது. 1980-ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் ஒழிந்தமையால் மாரியம்மைக்கு அடியார் குறைந்தனரோ? சமயபுரத்துப் பூச்சொரிதலுக்கு இன்றும் மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். எனவே பக்தி நோயைப் பற்றி நிற்பதன்று. நோய்க்கு மருந்திடுதல் பக்திக்கு இழுக்குமன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டுதலே நாம் செய்யத்தக்க பணி.

அதனைச் செய்யும் முறையும் எளிதே. பலர்முன் பேசாது தனித்துப் பேசுக. ஒரு வேளைக்கு ஒரு பொருளே பேசுக. முடிவாகக் கூறாது வினாவாகக் கேட்க. “பாட்டி, விளக்கை நாங்களே ஏற்றுகிறோம், வேப்பிலையும் இருக்கட்டும். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதே! மருத்துவர் வந்து பார்த்தால் அம்மன் கோபிப்பாளா?” என்று பேரன் கேட்பானாயின், “பெற்ற தாய் கோபிப்பாளா?” என்றே பெரும்பாலும் விடை வரும். நம் கூற்றுக்கு அவர் சான்று வினவினாலும் சினவாது விடையிறுத்தல் வேண்டும். பிறரைச் சான்று கேட்போர் தாமும் சான்று தரக் கடமைப்பட்டவரே.

ஒன்று மட்டும் மறவற்க. மூச்சுத் திணறல், வலிப்பு, நீரும் அருந்தாமை, நினைவு மயங்கல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உரையாடற்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. மனத்தாங்கலைப் பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம். போன உயிரை மீட்டல் ஒல்லாது. ஆதலின் நோய் வருமுன்னரே பேசுதல் சாலச் சிறந்தது. 9 மாதம் நிறைந்த குழந்தைக்கு ஒருமுறையும், 16 முதல் 24 மாதத்துள் மறுமுறையும் தட்டம்மைத் தடுப்பூசி அரசினரால் விலையின்றி இடப்படுகின்றது. கோயிலுக்குக் குழந்தையை எடுத்துச்செல்லும் பாட்டியே தடுப்பூசிக்கும் எடுத்துச்செல்லுமாறு நம் இல்லங்களிற் பேசிவைப்போமாக.

அறிவும் அன்பும் ஒருங்கே நம் குலத்தில் வளர்வனவாக.