சொல்லாமல் மெலிந்தவள்



தமிழாசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு, உளவியல் ஆலோசனைப் பணியில் இருக்கும் என்னை அழைத்திருக்கிறீர்கள். இரண்டு துறைக்கும் பொதுவான ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

அகப்பாடல்களில் பலமுறை வரும் காட்சி. மகள் மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை கழல்கிறது. தாய் பதறிப்போய்க் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகனால் வந்த வருத்தம் என்று பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். நோய் தீரவில்லை. அது சொல்லாமல் வைத்த காதலால் வந்தது என்று தோழி அறிவாள். பிறகுதான் அறத்தொடு நிற்றல். மகளாகிய தலைவி தோழிக்குச் சொல்கிறாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு. ஒரே மூச்சில் ஊரறியப் போட்டு உடைக்காமல், தாங்கக்கூடியவர் காதில் படிப்படியாகப் பாரம் இறங்குகிறது.

சொல்லாமல் வைத்தது உடலைத் தின்னும் என்ற இந்த எண்ணத்தை ஆய்வகத்தில் சோதித்தவர்கள் உண்டு. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரணத் தலைப்பு. மற்றவர்களுக்கு வாழ்க்கையின் மிகக் கசப்பான அனுபவம். நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு மற்றவர்களைவிட வாடித்தான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது.

பின்னாளில் பென்னிபேக்கர் எழுத்தின் சொற்களையே எண்ணிப் பார்த்தார். நாளாக நாளாக 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடியவர்களே அதிகம் தேறினார்கள். சிதறிக் கிடந்த வேதனை, முன்னும் பின்னும் உள்ள கதையாகக் கோக்கப்படுகிறது. இலக்கணத்தில் நாம் சிறிதாக நினைக்கும் இணைப்புச் சொல், மனத்தில் அத்தனை வேலை செய்கிறது.

ஆலோசனை அறையில் இதை நாங்கள் எப்படிக் கையாளுகிறோம்? தந்தையை இழந்தவரிடம், அஞ்சலில் சேர்க்காத கடிதம் ஒன்றை அந்தத் தந்தைக்கு எழுதிவரச் சொல்வோம். அடுத்த அமர்வில் எழுதியவரே வாசிப்பார். எந்த வரியில் குரல் தடைப்படுகிறதோ அங்கே நிறுத்துவோம்; பேச்சு அங்கிருந்து தொடங்கும். 'நான்' என்று எழுத முடியாதவர் 'அவள்' என்று எழுதலாம். அகப்பாடல் யாருடைய பெயரையும் சுட்டாததன் அருமை எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது. பெயரில்லாத துயரத்தில் எவரும் தம் துயரத்தை வைத்துப் பார்க்கலாம்.

எழுத வராதவருக்கு வாசிப்பு. 1924-இல் அலபாமாவின் டஸ்கீகியில், முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நூலகராகச் சேர்ந்தார் சேடி பீட்டர்சன் டெலனி. நோயாளி ஒவ்வொருவரையும் அறிந்து, மருத்துவர்களுடன் கலந்துபேசி, அவரவருக்கான நூலைத் தேர்ந்து கொடுத்தார். பார்வை இழந்தவர்களுக்குப் பிரெயில் கற்பித்தார். 1958-இல் இறக்கும்வரை அப்பணியை விடவில்லை.

டெலனி மருத்துவர்களின் பக்கத்தில் நின்று வேலை செய்தார் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கவிதை மருந்துக்கு மாற்று ஆகாது. எழுதுகிறேன் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொடுமைக்கு ஆளானவரை, காயம் ஆறுமுன் தனியே உட்கார்ந்து எழுதச் சொல்வது அவரை மீண்டும் அந்த இடத்துக்கே தள்ளிவிடக்கூடும். எப்போது எழுதுவது, எங்கே நிறுத்துவது என்று அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும்.

தமிழ் படிக்கும் மாணவர்களே, உங்கள் விடுதியில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, மெலிந்துவந்தால் வேலனைத் தேடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் எழுதியதைக் காட்டினால் திருத்தாமல் வாசியுங்கள். பிறகு மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். தோழி செய்தது அதுதான்: கேட்டாள், உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.