எத்தனை புள்ளிகள் இருந்தால் உயர் தெளிவு?



கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், "4கே திரை வாங்கிக் கொடுங்கப்பா" என்ற கோரிக்கை என்றாவது ஒரு நாள் வரத்தான் செய்யும். சிம் லிம் சதுக்கத்தில் கடை கடையாக ஏறி இறங்கும் பெற்றோர், பெட்டியின் மேல் உள்ள எண்ணையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். எண் பெரிதானால் தெளிவும் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

திரையில் தெரியும் படம் 'பிக்சல்' எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் எத்தனை புள்ளிகள், உயரத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே தெளிவுத்திறன். 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையில் 640க்கு 480 புள்ளிகள். அன்று அதுவே பெரிது. 2000ஆம் ஆண்டுவாக்கில் 1024க்கு 768 பரவலாக இருந்தது. பின்னர் வந்த 'ஃபுல் எச்டி' 1920க்கு 1080. மொத்தம் ஏறத்தாழ 2 மில்லியன் புள்ளிகள். 4கே என்பது 3840க்கு 2160; ஏறத்தாழ 8.3 மில்லியன். ஆக, உயர் தெளிவு என்பது காலத்துக்குக் காலம் பொருள் மாறும் சொல்.

அளவும் தூரமும் இதில் சேரும். ஃபுல் எச்டி படம் 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகளாக அமையும். அதே படம் 32 அங்குலத் திரையில் 69 புள்ளிகளாகக் குறையும். மேசையில் அருகே அமர்ந்து பார்ப்பவருக்கு எழுத்தின் ஓரங்கள் படிக்கட்டுபோலத் தெரியும். வரவேற்பறையில் தள்ளி நின்று பார்க்கும் தொலைக்காட்சியில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.

விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. அது வேகம். நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரைக்கு, கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்தையும் 17 மில்லிநொடிக்குள் வரைந்து தர வேண்டும். ஃபுல் எச்டியைவிட 4கேயில் புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் பல மடங்கு கூடும். கார்டு பழையதாக இருந்தால் படம் திக்கித் திக்கி ஓடும். தெளிவைக் குறைத்து ஓட்டினால் சீராகும். ஆனால் விலை கொடுத்து வாங்கிய தெளிவு வீணாகும். அதோடு நிற்காது. திரைக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற மின்வழங்கி என்று செலவு நீளும்.

'கவுண்டர்-ஸ்டிரைக்' போட்டிகளில் ஆடும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் 1280க்கு 960 என்ற குறைந்த அளவையே வைத்துக்கொள்கிறார்கள். நொடிக்கு 240 படங்களும் அதற்கு மேலும் காட்டும் திரைதான் அவர்களுக்கு முக்கியம்.

எனவே 24 அங்குலத்துக்கு ஃபுல் எச்டி போதும். 27 அங்குலத்துக்கு 2560க்கு 1440 பொருத்தம். வலுவான கார்டு இருப்பவருக்கும், புகைப்படம், எழுத்து வேலை செய்பவருக்கும் 4கே பயன்படும். திரை கேட்கும் பிள்ளையிடம், "உன் கணினியில் என்ன கார்டு இருக்கிறது?" என்று முதலில் கேட்பது நல்லது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.