விடியற்காலைக் கனவு

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலப்பதிகாரத்தில், கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறும் பகுதிக்குக் 'கனாத்திறம் உரைத்த காதை' என்றே பெயர். திருக்குறளிலும் கனவுக்கென ஓர் அதிகாரம் உண்டு. கனவை அற்பமென்று தள்ளும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. கனவு வருங்காலத்தை அறிவிக்கும் என்பதை விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆயினும் விடியற்காலைக்கும் கனவுக்கும் உள்ள உறவு மெய்யானதே. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

1953-ஆம் ஆண்டில், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்னும் இருவர் ஒரு புதுமையை வெளியிட்டனர். உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள்ளே விழிகள் இடையிடையே விரைந்து அசைகின்றன. அவ்வேளையில் மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவருடையவற்றை ஒத்திருக்கின்றன. அப்பொழுது எழுப்பிக் கேட்டால், பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகவே சொல்கின்றனர். மற்ற வேளைகளிலும் கனவு வருவதுண்டு. எனினும் தெளிவும் கதைப்போக்கும் உள்ள கனவுகள் மிகுதியாகத் தோன்றுவது இந்நிலையிலேதான். இதனை நாம் கனவுத் துயில் என்று அழைப்போம்.

நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் நிகழ்கிறது. முதற் சுற்றில் கனவுத் துயில் சில நிமிடங்களே நீடிக்கும். இரவு செல்லச் செல்ல அது வளர்ந்து, விடியும் வேளையில் அரைமணி நேரம் வரையிலும் நீளும். விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பதன் காரணமும் இதுவே. அந்நேரத்தில் நாம் நீண்ட கனவு காண்கிறோம். அதன் நடுவிலேயே விழித்தும் விடுகிறோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் உறங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தோடு எழுந்துவிட்டால், உறக்கத்தில் கால் பங்கை மட்டுமே இழந்ததாக எண்ணுவார். ஆனால் கனவுத் துயிலில் அவர் இழந்தது அதைவிடப் பெரிய பங்காகும். பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மில் பலர், முதல் ரயிலைப் பிடிப்பதற்காகத் தினந்தோறும் இவ்விழப்பைச் செய்துகொள்கிறோம். களைப்புத் தீர மது அருந்திப் படுப்பவரோ, முன்னிரவின் கனவுத் துயிலையும் குலைத்துக்கொள்கிறார்.

இழந்ததைப் பெறாமல் உடல் விடுவதில்லை. கனவுத் துயிலைச் சில இரவுகள் தடுத்துவைத்தால், அடுத்து வரும் இரவுகளில் உடல் அதை வழக்கத்தைவிட மிகுதியாக எடுத்துக்கொள்வதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பகலில் நேர்ந்த மனக்கலக்கத்தை ஆற்றுவதிலும், நினைவுகளைச் சீர்ப்படுத்துவதிலும் இத்துயிலுக்குப் பங்குண்டு என்பது பலருடைய கருத்து. ஆகவே, அதிகாலையில் எழ வேண்டியவர் முன்னிரவிலேயே படுக்கச் செல்வதுதான் இதற்குத் தக்க வழி.

கனவு நோயையும் முன்னதாக அறிவிப்பதுண்டு. கனவுத் துயிலின்போது கை கால் தசைகள் செயலற்றுத் தளர்ந்திருக்கும்படி மூளை ஒரு தடையை விதிக்கிறது. சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்த ஆடவருக்கு, இத்தடை தளர்ந்துவிடுகிறது. கனவில் யாரோ துரத்தினால் அவர் மெய்யாகவே கூவுகிறார், கையை வீசுகிறார், கட்டிலினின்று விழுகிறார். அமெரிக்க மருத்துவர்களான ஷெங்க்கும் மஹோவால்டும் 1986-ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயாக விவரித்தனர். இவ்வாறு துன்புறுவோரில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயோ அதற்கு நெருங்கிய நோயோ தோன்றுவது பின்னர்த் தெரிய வந்தது. சில மருந்துகளாலும் இந்நிலை உண்டாகலாம். தூக்கத்தில் பிதற்றுவோர் அனைவருக்கும் இந்நோய் உண்டென்று அஞ்ச வேண்டியதில்லை.

ஊரிலிருந்து அழைத்து வந்து நம்முடன் வைத்திருக்கும் தந்தையார் இரவில் இவ்வாறு அலறினால், காற்று கருப்பு என்று கருதி மந்திரிக்கச் செல்வதோ, புதிய இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவதோ தகாது. படுக்கையருகே கூரிய பொருள்களை வைக்காமல் காத்து, நரம்பியல் மருத்துவரை நாட வேண்டும். நடந்ததை உறங்கியவர் அறியார். உடன் இருப்பவரே சாட்சி. வேற்று மொழி பேசும் மருத்துவரிடம் விளக்கத் தயங்குவோர், நடந்ததைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டலாம்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து வருத்துவோருக்கும் வழியுண்டு. அக்கனவின் முடிவைப் பகலில் நல்லதாக மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தைத் தினமும் சில நிமிடங்கள் மனத்திலே ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை மன நல மருத்துவர் கற்பிக்கின்றனர். பலருக்கு இதனால் தீக்கனவுகள் குறைந்திருக்கின்றன.

கனவுக்குப் பலன் கேட்டு அலைவதைக் காட்டிலும், கனவு வருவதற்குரிய உறக்கத்தை நமக்கும் நம் வீட்டாருக்கும் குறையாமல் கிடைக்கச் செய்வோமாக.