மலையேறிய நான்காம் நாள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



துவிச்சக்கரவண்டிப் போட்டியைப் பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். முதலிடம் பெற்றவர்கள் பேசினால் கேட்க நன்றாயிருக்கும். நாமோ மூன்றாம் இடத்துக்காரர். அதுவும் மயிரிழையில் தப்பிய மூன்றாம் இடம். ஆயினும் அந்த நான்காம் நாளைப் பற்றிச் சங்கத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் இன்னொருவிதமாகவும் கதைப்பதாகக் கேள்விப்பட்டோம். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம்.

போட்டி ஐந்து நாட் போட்டி. ஓடியவர்கள் யாவரும் எம்மைப் போல வேலையும் படிப்பும் பார்த்துக்கொண்டு, மாலையிலும் விடியலிலும் பழகியவர்கள். முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, சுமார் 140 கிலோமீற்றர். ஆனையிறவுக் காற்று எமக்குப் பழைய சிநேகிதன். பண்ணைப் பாலத்தில் எத்தனையோ மாலைகள் அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். இரண்டாம் நாள் தம்புள்ளை, மூன்றாம் நாள் மாத்தளை வழியாகக் கண்டி. கண்டியில் இரவு படுக்கும்போது மூன்றாவது இடத்தில் இருந்தோம். நான்காம் நாள் கண்டியிலிருந்து நுவரெலியா.

யாழ்ப்பாணத்தானுக்கு மலை ஏது? கீரிமலை என்று பெயரளவில் ஒன்றுண்டு. அங்கே இருப்பது கேணி. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் உள்ள கணவாய் நுவரெலியாவிலும் உயரமானது.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். சமதரையில் முன்னோடுபவன் காற்றை உடைத்துக்கொடுக்கிறான். பின்னால் சில்லோடு சில்லாக ஒட்டி ஓடுபவனுக்குக் காற்பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். அதனாலேயே நால்வரும் முறைவைத்து முன்னே போவோம். ஏற்றத்தில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் ஊரும்போது காற்று ஒரு பொருட்டன்று. அங்கே எதிரி அவனவன் பாரந்தான். வண்டியும் ஆளுமாக எழுபது கிலோவை ஆயிரம் மீற்றர் தூக்க, உடல் ஏறக்குறைய 650 கலோரியை எரிக்கிறது. சாப்பிடாதவன் எங்கிருந்து எரிப்பான்?

மலையோட்டத்தின் சரித்திரமும் பழையது. பிரான்சைச் சுற்றும் பெரும் போட்டி 1910ஆம் ஆண்டு பிரெனே மலைகளுக்கு முதன்முதல் ஏறியது. 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயை முதலிற் கடந்தவர் ஒக்தாவ் லாப்பீஸ். செப்பனிடாத பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டும் நடந்தாராம். பல்லுமாற்றும் கியரை அப்போட்டியில் 1937இற்றான் அனுமதித்தார்கள். எமக்கோ கியர்கள் இருந்தும், பின்சில்லில் 28 பற்சக்கரம் வேண்டுமா, இருக்கிற 23 போதுமா என்று ஒரு மாதம் வாக்குவாதப்பட்டோம். முன்பக்கம் 39 பற்கள். பின்பக்கம் 23 என்றால் ஒரு மிதிக்கு மூன்றரை மீற்றர் போகவேண்டும், 28 என்றால் மூன்றுக்கும் குறைவு. காசை மிச்சம் பிடிப்போம் என்றவர்களின் வாயை இறம்பொடை அடைத்தது. நல்லவேளையாக 28 வாங்கியிருந்தோம்.

போட்டி விதியையும் சொல்லவேண்டும். பிரான்சிலே அணிக்கணக்குக்கு ஒவ்வொரு நாளும் முதல் மூவரின் நேரத்தைக் கூட்டுகிறார்கள். எமது போட்டியில் அணியின் மூன்றாவது ஆள் எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரமே அணியின் நேரம். ஒருவன் புயலாகப் போய் முன்னே நின்று பயனில்லை. ஒருவரையொருவர் கைகொடுத்துத் தள்ளுவதும் கூடாது.

பேராதனை, கம்பளை வரை கூட்டமாகவே போனோம். கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதலிடத்து அணி வேகத்தைக் கூட்டிற்று. விட்டுவிட்டு எமது பாட்டில் போயிருக்கவேண்டும்; புசல்லாவை வரை ரோசத்தில் அவர்களோடு ஒட்டினோம். அது எமது பிழை, வேறெவருடையதுமல்ல. புசல்லாவைக்கு அப்பால் எம்முள் ஒருவரின் ரயரில் கண்ணாடித்துண்டு ஏறியது. ரியூப் மாற்ற அவரை விட்டு மூவராக நடந்தோம். ஓடினோம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இறம்பொடையில் அருவியின் இரைச்சல் கேட்டது. ஆஞ்சநேயர் கோயிற் பக்கம் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டோம். இரண்டு கையும் தூக்க வலுவில்லை. மேலே போகப் போக வளைவுக்கு வளைவு தேயிலைதான். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நாளெல்லாம் அந்தச் சரிவிலே கூடையோடு ஏறியிறங்குபவர்களுக்கு எமது பாடு விளையாட்டாய்த் தோன்றியிருக்கும்.

லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கடைக்குட்டித் தம்பியின் வண்டி பாம்புபோல் வளைந்தது. முகத்தில் இரத்தமில்லை. மூத்தவர் பக்கத்திற் போய்க் கேட்டார்.

“என்ன தம்பி செய்யுது?”

“ஒண்டுமில்லை அண்ணை.”

“காலமை என்ன சாப்பிட்டனி?”

“தேத்தண்ணி குடிச்சனான்.”

முதல்நாள் இரவே வயிற்றைப் பிரட்டியதாம். சொன்னால் ஓடவிடமாட்டோம் என்று ஒளித்துவிட்டான். சட்டைப்பையில் இருந்த பனங்கட்டியைக் கடித்துக் கொடுத்தோம். இனிப்பு இரத்தத்திற் சேரப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். அதுவரை நடைவேகத்தில் அவனோடு ஊர்ந்தோம். இரண்டு அணிகள் எம்மைத் தாண்டிப் போயின. மூடுபனி இறங்கிற்று. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகையளவு குறையும் என்பதைப் புத்தகத்திற் படித்திருந்தோம். அன்று வியர்வையில் நனைந்த சட்டை அதைச் சொல்லித்தந்தது.

அப்போது கீழ்வளைவிலே ஒரு நீலச்சட்டை தெரிந்தது. ரியூப் மாற்றியவர் தனியே ஏறி வந்துகொண்டிருந்தார்! அவர் சேர்ந்தால் ஓடக்கூடிய மூவர் ஆகிவிடும். கணக்கு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஆனால் வாய் திறந்தவன் தம்பிதான்.

“நீங்கள் மூண்டு பேரும் போங்கோ. நான் மெல்ல வாறன்.”

எம்முள் ஒருவர் கூடாதென்றார். கூட்டிவந்த பிள்ளையைப் பனியிலே விடுவதா என்று கோபித்தார். மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. தமது மழைச்சட்டையைக் கழற்றித் தம்பிக்குப் போட்டார். மிஞ்சியிருந்த பனங்கட்டியையும் கொடுத்தார். பின்னால் போட்டி நடத்துவோரின் வான் வந்து, அதில் வந்தவர் அவனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும்வரை நின்றார். அதற்கு இரண்டு நிமிடம் போயிற்று. பிறகு “வாருங்கோ” என்று ஏறினார்.

உச்சிவரை ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. உச்சியிலிருந்து நுவரெலியாவுக்கு இறக்கம் குறைவுதான். ஆனால் விரல் விறைத்துப் பிறேக்குப் பிடிபடவில்லை. ஈரத் தெருவில் இரண்டு வளைவுகளை எப்படிக் கடந்தோம் என்பது இப்போதும் தெரியாது. எல்லைக்கோட்டைத் தாண்டியபின் கணக்குப் பார்த்தார்கள். 38 செக்கன் வித்தியாசத்தில் மூன்றாம் இடம் தப்பியிருந்தது.

தம்பி வானில் ஏறவில்லை. இருபத்திரண்டு நிமிடம் கழித்து, மூத்தவரின் பெரிய மழைச்சட்டை முழங்காலில் அடிக்கத் தானே மிதித்து வந்து சேர்ந்தான். இறங்குமுன் கேட்டது, “நேரம் சரிவந்ததோ?”

ஐந்தாம் நாள் வெலிமடைப் பக்கமாகப் பதுளைக்கு இறங்கினோம். நால்வரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஊர் திரும்பியதும் தம்பியின் வீட்டுக்குப் போனோம். கதை எமக்கு முன்னரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவன் தாயார் வாசலிலேயே கேட்டார்: “பிள்ளையை மலையிலை விட்டிட்டோ வந்தனீங்கள்?”

நாம் தலையைக் குனிந்தோம். “நான்தான் அம்மா போகச் சொன்னனான்” என்றான் தம்பி உள்ளேயிருந்து.

அந்த அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. எம்மை இருத்தித் தேத்தண்ணீர் வார்த்துத் தந்தார். மூத்தவருடைய கோப்பைக்கு மாத்திரம் சீனி போட மறந்துவிட்டார். அவரும் கேட்கவில்லை; குடித்து முடித்தார்.